இன்னிக்கு இந்த டியூப் தேவையா?



உங்கள் வீட்டில் ஒருவருக்குத் தலையில் அடிபட்டு, ஆபரேஷன் முடிந்து, ஐ.சி.யு.வில் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். (அப்படி ஒரு நாள் யாருக்கும் வரவேண்டாம்!) காலையில் ஐந்து நிமிஷம் உள்ளே போய்ப் பார்க்க விடுகிறார்கள். முதலில் எதைப் பார்ப்பீர்கள்? கண்ணைத் திறக்கிறாரா, கை அசைகிறதா, கூப்பிட்டால் 'உம்' என்கிறாரா, தலைக்கட்டில் ரத்தம் கசிந்திருக்கிறதா... எல்லோருமே தலையைத்தான் பார்ப்போம். கட்டிலுக்குக் கீழே தொங்குகிறதே ஒரு சிறுநீர்ப் பை, அதை யார் பார்ப்பது?

அந்தப் பையைப் பற்றியும், அதோடு சேர்ந்த குழாயைப் பற்றியும்தான் இன்று பேசப்போகிறேன்.

"சித்த வைத்தியருக்கு மூளை ஆபரேஷன் வார்டில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வார்டில் எனக்கு வேலை இல்லை. ஆனால் வார்டிலிருந்து வீடு திரும்புகிறவர்களில் பலர், அடுத்த வாரமே என் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். "ஆபரேஷன் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. உடம்பு தேற ஏதாவது கஷாயம் குடுங்க" என்பார்கள். அப்படி வந்த ஒருவரால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

மஞ்சள் பைக்குள் ஒரு பை

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பைக்கில் போனவர், நாய் குறுக்கே வந்து விழுந்து, தலைக்குள் ரத்தம் கட்டிக்கொண்டது. ஹெல்மெட் வண்டியின் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்ததாம். நல்லவேளை, நேரத்தோடு ஆபரேஷன் ஆகிப் பிழைத்துக்கொண்டார். ஒன்பதாம் நாள் டிஸ்சார்ஜ். என்னிடம் வந்தது இருபத்துநாலாம் நாள். ஆட்டோவிலிருந்து இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். மடியில் ஒரு மஞ்சள் பை. "ரெண்டு நாளா குளிர்ஜுரம் ஐயா. நேத்திலேர்ந்து ஒரே மயக்கமா இருக்கார். நிலவேம்பு குடுத்தா சரியாயிடுமா?" என்றார் அவர் மனைவி.

மஞ்சள் பையைத் திறந்து பார்த்தேன். உள்ளே சிறுநீர்ப் பை! நாலு பேர் பார்த்தால் கூச்சம் என்று அந்த அம்மா அதை மூடி மடியில் வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் முதல் நாள் போட்ட டியூப், இருபத்துநாலு நாளாக அப்படியே இருந்தது.

"இதை எப்ப எடுக்கணும்னு சொன்னாங்கம்மா?"

"யாருமே சொல்லலியே ஐயா. நாங்களும் கேக்கலை."

டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் படித்தேன். நாலு பக்கம். ஸ்கேன் விவரம் இருந்தது, ஆபரேஷன் விவரம் இருந்தது, பதினோரு மாத்திரையின் பெயர் இருந்தது. டியூபைப் பற்றி ஒரு வரி இல்லை.

கஷாயம் கொடுக்கவில்லை. கடிதம் ஒன்று எழ்தி, அப்போதே பக்கத்து ஊர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். சிறுநீரில் தொடங்கிய கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தது. இன்னும் பன்னிரண்டு நாள் படுக்கை. பிழைத்தார். ஆனால் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தவர், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பிறகு ஒரு நாள் அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "மூளையில ஆபரேஷன் பண்ணிப் பொழைச்ச மனுஷன், மூத்திரக் குழாயால போயிடப் பார்த்தாரே ஐயா!"

அந்த ஒரு வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கிருமி எப்படி உள்ளே போகிறது?

இந்த டியூபுக்கு ஃபோலி கேத்தீட்டர் என்று பெயர். அமெரிக்கச் சிறுநீரக டாக்டர் ஃபிரெடெரிக் ஃபோலி 1930களில் உருவாக்கியது. நுனியில் ஒரு சின்ன பலூன். டியூப் சிறுநீர்ப்பைக்குள் போனதும் அதில் சுமார் 10 மில்லி தண்ணீர் ஏற்றுவார்கள். டியூப் வெளியே நழுவாது. அருமையான கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் இயற்கையின் ஏற்பாட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சிறுநீர் மேலிருந்து கீழே வேகமாக வந்து, வழியில் ஒட்டியிருக்கும் கிருமிகளைக் கழுவிக்கொண்டு போகிறது. பிறகு வாசல் மூடிக்கொள்கிறது. டியூப் போட்டதும் இந்த இரண்டுமே போச்சு. கழுவுவதும் இல்லை, மூடுவதும் இல்லை. வாசலில் கட்டையைச் செருகிக் கதவைத் திறந்து வைத்த மாதிரி!

கிருமி மூன்று வழியில் வரும். டியூபின் வெளிப்புறமாகத் தோலிலிருந்தும் மலத்திலிருந்தும் ஏறும். டியூபையும் பையையும் கழற்றி மாட்டும்போது இணைப்பு வழியாக நுழையும். பையின் அடிக்குழாயைத் திறந்து காலி செய்கிறவர் கையிலிருந்து பைக்குப் போய், அங்கிருந்து மெல்ல மேலே ஏறும்.

உள்ளே போன கிருமி சும்மா இருக்காது. குளத்துப் படிக்கட்டில் பாசி படிவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரை ஊற்றினால் போகுமா? தேய்த்தால்தானே போகும்? அப்படி ஒரு வழுவழுப்பான படலத்தைக் கிருமிகள் டியூபின் உட்சுவரில் கட்டிக்கொள்கின்றன. அதற்குள் ஆன்டிபயாடிக் சரியாகப் போய்ச் சேராது. ஊசி போட்டால் ஜுரம் இறங்கும். நிறுத்தினால் மறுபடி வரும். டியூபை எடுத்தால்தான் படலம் போகும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன், நினைவில் வையுங்கள். டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும், 100 பேரில் 3 முதல் 7 பேருக்குப் புதிதாகச் சிறுநீரில் கிருமி சேர்கிறது. ஒரு மாதம் இருந்தால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் சேர்ந்துவிடுகிறது. கிருமி சேர்ந்தவர் எல்லோருக்கும் நோய் வந்துவிடாது. ஆனால் நோய் வந்தவர்கள் எல்லோரும் இந்த வழியாக வந்தவர்கள்தான். ஆக, டியூபை யார் போட்டார்கள், எந்தக் கம்பெனி டியூப் என்பதைவிட, எத்தனை நாள் இருந்தது என்பதுதான் பெரிய கேள்வி.

மூளை நோயாளிக்கு ஏன் ஆபத்து அதிகம்?

குடலிறக்க ஆபரேஷன் ஆனவர், "எரியுது சிஸ்டர், வலிக்குது சிஸ்டர்" என்று சத்தம் போடுவார். நினைவில்லாமல் கிடக்கிறவர் யாரிடம் சொல்வார்? தண்டுவடத்தில் அடிபட்டவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் இருக்கலாம். எரிச்சலும் தெரியாது, வலியும் தெரியாது.

ஜுரம் வந்தாலும் குழப்பம்தான். மூளையில் அடிபட்டால் கிருமியே இல்லாமலும் ஜுரம் வரும். அதனால் ஜுரம் தலையிலிருந்து வருகிறதா, நுரையீரலிலிருந்தா, சிறுநீரிலிருந்தா என்று கண்டுபிடிக்கவே டாக்டர்களுக்கு நேரம் பிடிக்கும். மூளைக் கட்டியைச் சுற்றியுள்ள வீக்கம் வடிய ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள். அது சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். இவை போதாதென்று நாள்கணக்கில், வாரக்கணக்கில் படுக்கை. ஜுரமே மூளைக்குக் கெடுதல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது தெரிகிறதா, அந்த அம்மா சொன்னது எவ்வளவு உண்மை என்று?

மறதிதான் பெரிய கிருமி

டியூப் தேவைப்படும் நேரம் உண்டு. அதை மறுக்கவே மாட்டேன். ஆபரேஷன் நடக்கும்போது தேவை. மூளை வீக்கம் வடிய மானிட்டால் போன்ற மருந்து ஏற்றும்போது, மணிக்கு எவ்வளவு சிறுநீர் போகிறது என்று அளக்கத் தேவை. பிட்யூட்டரி சுரப்பியில் ஆபரேஷன் ஆனவர்களுக்குச் சில சமயம் குடம் குடமாகப் போகும். அளவு தெரியாவிட்டால் ஆபத்து. சிறுநீர் அடைத்துக்கொண்டவருக்குத் தேவை. முதுகெலும்பு அசையக்கூடாது என்று படுக்க வைத்தவருக்கும், ஆறாத படுக்கைப்புண் நனைந்துகொண்டே இருப்பவருக்கும் தேவை.

சரி, இந்தக் காரணம் முடிந்த பிறகு? ஆபரேஷனுக்காகப் போட்ட டியூபை, வேறு காரணம் இல்லையென்றால் முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2009-ல் வெளியிட்ட வழிமுறை. நம் டாக்டர்களுக்கும் இது தெரியாததல்ல. பின் ஏன் இருபத்துநாலு நாள்?

மறதி!

2000-ல் அமெரிக்காவில் நான்கு ஆஸ்பத்திரிகளில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. உங்கள் நோயாளிக்குச் சிறுநீர் டியூப் இருக்கிறதா என்று டாக்டர்களைக் கேட்டார்கள். டியூப் இருந்த நோயாளிகளில் 28 சதவீதம் பேர் விஷயத்தில், டாக்டருக்கு அது தெரிந்திருக்கவில்லை. பெரிய டாக்டர்களிடம் கேட்டபோது இது 38 சதவீதம்! அனுபவம் கூடக் கூட, தலைக்குள் நடப்பது நன்றாகத் தெரிகிறது, போர்வைக்குள் இருப்பது மறந்துபோகிறது. நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. உயிர் ஊசலாடும்போது தலையைத்தான் பார்க்க முடியும். ஆனால் உயிர் தப்பிய மூன்றாம் நாளும், எட்டாம் நாளும் யாராவது ஒருவர் கேட்க வேண்டாமா?

அந்த ஒருவர் நீங்களாக இருங்கள். தினமும் ரவுண்ட்ஸ் வரும்போது, மரியாதையாக, ஒரே ஒரு கேள்வி: "டாக்டர், இன்னிக்கு இந்த டியூப் தேவையா?"

"தேவை, இன்ன காரணம்" என்று சொன்னால் பேசாமல் இருங்கள். நீங்களாக எடுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஆனால் மறுநாள் மறுபடி கேளுங்கள். "ஓ, எடுத்துடலாமே!" என்று டாக்டரே சொல்லும் நாள் சீக்கிரம் வரும்.

நம் பக்கமும் ஒரு தப்பு இருக்கிறது. ஒளிக்காமல் ஒப்புக்கொள்வோம். "டியூப் இருந்தா நல்லதுதானே டாக்டர், படுக்கை நனையாதே" என்று நாமேதான் பல இடங்களில் கேட்டு வைத்துக்கொள்கிறோம். கனத்த உடம்பைப் புரட்டித் துணி மாற்றுவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். ஆனால் நம் சௌகரியத்துக்கு அவர் கொடுக்கும் விலை அதிகம். ஆண்களுக்கு ஆணுறை மாதிரி வெளியே மாட்டும் டியூப் இருக்கிறது. டயப்பர் இருக்கிறது, அளவு தெரிய வேண்டுமானால் அதை எடை போட்டும் பார்க்கலாம். நினைவு இருப்பவர்களுக்கு நேரம் பார்த்து யூரின் கேன், பெட்பேன் வைக்கலாம். எது பொருந்தும் என்று நர்ஸிடம் கேளுங்கள்.

உங்கள் கையில் இருப்பவை

ஐ.சி.யு.வில் எல்லாம் நர்ஸ் பொறுப்பு. வார்டுக்கு வந்த பிறகும், வீட்டிலும், பாதி வேலை உங்கள் கைக்கு வந்துவிடும். அப்போது இவற்றைக் கவனியுங்கள்.

1. டியூபையோ பையையோ தொடும் முன்னும், தொட்ட பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். டெட்டால் கலந்த தண்ணீரில் விரல் நனைத்தால் போதாது. விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்க்க வேண்டும்.

2. பை எப்போதும் இடுப்பைவிடத் தாழ்வாக இருக்கட்டும். ஆனால் தரையில் படக்கூடாது. ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது, அவசரத்தில் பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின்மேல் வைத்துவிடுவதுண்டு. பையிலுள்ள பழைய நீர் உள்ளே திரும்பும். கிளம்பும் முன் பையைக் காலி செய்யச் சொல்லுங்கள். போகும் வழியில் தாழ்வாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மடியில் வைப்பதும் இதே தப்புதான்.

3. டியூப் மடங்காமல், உடம்புக்கு அடியில் நசுங்காமல் பாருங்கள். இழுபடாமல் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்க வேண்டும். அரைமயக்கத்தில் நோயாளி பிடித்து இழுத்தால் பலூனோடு வந்து ரத்தக்காயம் ஆகும்.

4. டியூபையும் பையையும் நீங்கள் கழற்றவே கழற்றாதீர்கள். காலி செய்ய அடியில் குழாய் இருக்கிறது.

5. பை முக்கால்வாசி நிறையும் வரை விடாதீர்கள். ஒரு நோயாளிக்கு ஒரு மக் என்று தனியாக வையுங்கள். பக்கத்துக் கட்டிலுக்கு ஊற்றிய மக்கை வாங்கி ஊற்றினால், அவர் கிருமியும் சேர்ந்து வரும். குழாயின் நுனி மக்கில் படக்கூடாது.

6. தினமும் குளிப்பாட்டும்போது டியூப் நுழையும் இடத்தை சோப்பும் தண்ணீரும் கொண்டு மென்மையாகச் சுத்தம் செய்தால் போதும். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். மலம் போனால் உடனே சுத்தம் செய்யுங்கள். கிருமிநாசினி, பவுடர் எதுவும் வேண்டாம்.

7. டியூபை எடுத்த பிறகு ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் சிறுநீர் போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால், அடிவயிறு உப்பினால், உடனே சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். டியூப் இருக்கும் வரை தினமும் ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டிருந்தால் கிருமி வராது என்பது தப்பான நம்பிக்கை. வரும் கிருமி அந்த மருந்துக்கு அடங்காத கிருமியாக வரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

தலையிலிருந்து வரும் டியூப்

சிலருக்குத் தலையிலிருந்தே ஒரு மெல்லிய டியூப் வெளியே வந்து, கம்பத்தில் மாட்டிய பாட்டிலில் சேரும். நம் மூளைக்குள் ஒரு நாளைக்கு சுமார் 500 மில்லி நீர் ஊறி, ஊறியபடியே வடிந்துகொண்டிருக்கிறது. ரத்தக்கசிவால் அந்த வழி அடைபட்டால், அழுத்தம் ஏறாமலிருக்க இந்த டியூப் போடுவார்கள். இங்கே கிருமி நுழைந்தால் நேரே மூளைக்காய்ச்சல்தான்.

இதில் உங்களுக்கு ஒரே வேலை: தொடாமல் இருப்பது. அந்தப் பாட்டிலின் உயரத்தை நோயாளியின் காது மட்டத்தை வைத்துக் கணக்காக நிறுத்தியிருப்பார்கள். "கொஞ்சம் சாஞ்சு உக்காரட்டுமே" என்று நீங்களாகக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினால், நீர் அளவுக்கு மீறி வடிந்துவிடும். கட்டிலை அசைக்கும் முன் நர்ஸைக் கூப்பிடுங்கள். கட்டு ஈரமானாலோ, நோயாளி தலையைச் சொறிந்தாலோ, டியூப் இணைப்பு தளர்ந்தாலோ உடனே சொல்லுங்கள். இதைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்கலாம்: இன்னும் எத்தனை நாள்?

என் துறைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை

சிறுநீர் நன்றாகப் பிரிய நெருஞ்சில், நீர்முள்ளி, சிறுபீளை என்று எங்களிடம் நல்ல மூலிகைகள் உண்டு. நானே பலருக்குக் கொடுக்கிறேன். ஆனால் தலை ஆபரேஷன் ஆகி, டியூபோடு இருப்பவருக்கு அவை வேண்டாம் என்பதே என் கருத்து.

காரணம் சொல்கிறேன். இவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் உப்பு குறைவது அடிக்கடி நடப்பது. உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் டாக்டர்கள் அளந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் நாம் ஃபிளாஸ்கில் பார்லிக் கஞ்சியும் நீர்முள்ளிக் குடிநீரும் கொண்டுபோய்க் கொடுத்தால் கணக்கே தப்பிவிடும். அரைமயக்கத்தில் இருப்பவர் வாயில் கஷாயத்தை ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போகும். வலிப்பு வராமலிருக்க ஃபெனிடாயின் கொடுத்திருப்பார்கள்; மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் சத்து ரத்தத்தில் அந்த மருந்தின் அளவைக் கூட்டிவிடும். அப்போது எங்கள் திரிகடுகுகூட விளையாட்டுப் பொருள் அல்ல. டியூபைச் சுற்றி மஞ்சள் பூசுவதும், விளக்கெண்ணெய் தடவுவதும் வேண்டாம். எண்ணெய்ப்பசை ரப்பர் டியூபையே கெடுக்கும்.

வைத்தியம் தெரிந்தவனுக்குக் கை வைக்கக்கூடாத நேரமும் தெரிய வேண்டும். டியூபும் ஜுரமுமாக ஒருவர் வந்தால், கஷாயம் கொடுத்து ஒரு நாளைக்கூட வீணாக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதுதான் சரியான சித்த வைத்தியம்.

பையில் எதைப் பார்ப்பது?

கல்லூரியில் தேரையரின் நீர்க்குறியை நாங்கள் பாடமாகவே படித்தோம். காலையில் எடுத்த நீரின் நிறம், மணம், நுரை எல்லாம் பார்ப்போம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: பையில் நாள்முழுக்கத் தேங்கிய நீரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கொஞ்சம் கலங்கல், கொஞ்சம் நாற்றம் என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். அபூர்வமாகப் பையே ஊதா நிறமாக மாறும்! பார்த்தவர்கள் பில்லி சூனியம் என்றுகூடப் பயப்படுவார்கள். நாள்பட்ட மலச்சிக்கலோடு சில வகைக் கிருமிகளும் சேரும்போது நீரில் உண்டாகும் சாயம்தான் அது. டாக்டரிடம் காட்டி, டியூபையும் மலச்சிக்கலையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

பயப்பட வேண்டியது இவற்றுக்கு: ஜுரம், நடுக்கம், புதிதாக வரும் மயக்கம் அல்லது பிதற்றல், அடிவயிற்றிலோ விலாவுக்குப் பின்னாலோ வலி, ரத்தம் கலந்த நீர், பையில் நீரே இறங்காமல் நிற்பது. இதில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. பரிசோதனைக்குப் பையிலிருந்து நீர் எடுக்கக்கூடாது. டியூபில் அதற்கென்று உள்ள இடத்தைச் சுத்தம் செய்து அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். டியூப் இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது என்றால், புது டியூப் போட்டு அதிலிருந்து எடுப்பார்கள்.

வாழ்நாள் முழுக்கத் தேவைப்பட்டால்?

தண்டுவடம் அடிபட்டவர்கள் கதை வேறு. அவர்களில் பலருக்குச் சிறுநீர் தானாகப் பிரியாது. முதல் உலகப்போரில் தண்டுவடத்தில் குண்டடி பட்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. சிறுநீர்க் கிருமியும் படுக்கைப்புண்ணும்தான் அவர்களைக் கொண்டுபோயின. இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் 1944-ல் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன் இதை மாற்றிக் காட்டினார். டியூபை நிரந்தரமாக வைக்காமல், வேளாவேளைக்குச் சுத்தமாகப் போட்டு, நீரை எடுத்துவிட்டு, டியூபை வெளியே எடுத்துவிடும் முறையைக் கடைப்பிடித்தார். 1972-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜாக் லாப்பிடஸ், சோப்புப் போட்டுக் கழுவிய கையால் நோயாளியே வீட்டில் இதைச் செய்துகொள்ளலாம் என்று எழுதினார். இன்று உலகமெங்கும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். கூச்சப்படாதீர்கள். உங்கள் பிள்ளைக்கு இது பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்டு, நர்ஸிடம் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

மார்பின் நடுப்பகுதியிலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவருக்குத் திடீரென்று மண்டை வெடிக்கும் தலைவலி, முகச்சிவப்பு, வியர்வை வந்தால், ரத்தக்கொதிப்பு எகிறுகிறது என்று அர்த்தம். பல சமயம் காரணம், டியூப் மடங்கிச் சிறுநீர் அடைபட்டிருப்பதுதான். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், டியூபைப் பாருங்கள், ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிகளுக்கு என் வேண்டுகோள்

"ஜனம் கேள்வி கேட்டா டாக்டருக்குக் கோபம் வராதா?" என்பீர்கள். சிலருக்கு வரும். கேட்க வேண்டிய நிலை வருவதற்கு முன்னாலேயே ஆஸ்பத்திரி செய்துவிட்டால் யாருக்கும் கோபம் இல்லை.

நான் கேட்பது மூன்றே மூன்று. முதலாவது, கேஸ் சீட்டில் தினமும் ஒரு வரி: டியூப் எத்தனையாவது நாள், எந்தக் காரணத்துக்கு. இரண்டாவது, காரணம் முடிந்துவிட்டால், டாக்டர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த விதிப்படி நர்ஸே டியூபை எடுக்க அனுமதி. இப்படி நடக்கும் ஆஸ்பத்திரிகளில் டியூப் இருக்கும் நாட்கள் குறைந்திருக்கின்றன. மூன்றாவது, டியூபோடு வீட்டுக்கு அனுப்பினால், டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில், பெரிய எழுத்தில்: "டியூப் எடுக்க வேண்டிய தேதி - இது. வர வேண்டிய இடம் - இது."

இதற்கெல்லாம் புது மெஷின் வேண்டாம், கோடி ரூபாய் வேண்டாம். நர்ஸ்கள் குறைவு, நோயாளிகள் அதிகம் என்ற கஷ்டம் எனக்குத் தெரியும். அதனால்தான் ஒரு வரி மட்டும் கேட்கிறேன். மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யு.க்களில், பெரிய ரத்தக்குழாயில் போடும் டியூபுக்கு ஐந்து எளிய விதிகளைக் கடைப்பிடித்தார்கள். கை கழுவுவது முதலான ஐந்தில் ஒன்று, தேவையில்லாத டியூபை எடுத்துவிடுவது. மூன்றே மாதத்தில் பாதிக்கு மேற்பட்ட ஐ.சி.யு.க்களில் டியூபால் வரும் ரத்தக்கிருமி இல்லாமலே போனது. 2006-ல் வெளியான செய்தி இது. சின்ன விஷயத்தை விடாமல் செய்ததன் பலன்!

என்னிடம் வந்தவர் இப்போது கைத்தடியோடு தெருமுனை டீக்கடை வரை போய்வருகிறார். அவர் மனைவி போன மாதம் வேறொரு விஷயமாக வந்தார். அவருடைய அண்ணன் மகன் விபத்தில் சிக்கி ஆஸ்பத்திரியில் இருக்கிறானாம், தலையில் ஆபரேஷனாம். "நாலாம் நாளே கேட்டுட்டேன் ஐயா, இன்னிக்கு இந்த டியூப் தேவையான்னு. டாக்டர் சீட்டைப் புரட்டிப் பார்த்தார். சாயங்காலமே எடுத்துட்டாங்க" என்றார்.

பள்ளிக்கூடப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்ற அம்மா அவர். அவரால் கேட்க முடிந்தது என்றால் உங்களாலும் முடியும்.